சாவா மூவாப் பேராடும் 18 லட்ச ரூபாய் வளைவும்

நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்ஆப் குழுவில் கட்டைவிரல் உயர்த்தும் அனைவருக்கும்,

வணக்கம். பவள விழா நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வரைபடத்தையும் ஒருவர் அனுப்பிவைத்தார். இரண்டு பக்கமும் யானை, நடுவில் சரஸ்வதி, மேலே கல்லூரியின் பெயர், தூண்களில் கருங்கல் பதித்து அதில் நன்கொடையாளர் பெயர்கள். மதிப்பீடு 18 லட்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. 1974-ல் தகரப்பெட்டியோடு நான் உள்ளே நுழைந்தபோது அந்த இடத்தில் ஒரு வேப்பமரமும் டீக்கடையும்தான் இருந்தன. அங்கே மாணவனாக மூன்று வருடம், பிறகு வரலாற்றுத் துறையில் ஆசிரியனாக முப்பத்து மூன்று வருடம். உங்களில் பாதிப் பேருக்கு ஆப்சென்ட் போட்டவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். தனியாகச் சொன்னால் "சார் அப்படித்தான் சொல்வார்" என்று போய்விடும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வளைவு வேண்டாம்.

கோபப்படாமல் கேளுங்கள். அந்தக் கருங்கல்லில் உங்கள் பெயரை வெட்டப் போகிறீர்கள். உள்ளே வரலாற்றுத் துறையில் கல்வெட்டு படிக்கச் சொல்லித்தர இப்போது ஆள் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தாளை நடத்த வந்தவர் நிர்வாகம் போட்ட தற்காலிக ஆசிரியர். இரண்டே வருடத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தொகுதிகளில் நாலைந்தைக் கரையான் தின்றுவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் நம் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதைப் பார்க்காமலே நம்மிடம் வரலாற்றில் பட்டம் வாங்கிப் போகிறார்கள், வாடகை வேனுக்குப் பணம் இல்லை என்பதால்.

கல்லூரி உங்களை நினைப்பது எப்போது என்பதும் எனக்குத் தெரியும். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் குழு வருகிறது என்றால்தான். அந்தத் தர மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று ஒரு பகுதி உண்டு. சங்கம் பதிவானதா, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். உடனே ஒரு கூட்டம், குழுப் படம், பிரியாணி. குழு போனதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இதில் கல்லூரியின் தப்பு பாதி, உங்கள் தப்பு பாதி. நீங்களும் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகத்தான் தருகிறீர்கள்: மேடை, குடிநீர் இயந்திரம், உபயம் என்று பெயர் எழுதிய சிமெண்ட் பெஞ்சு. குடிநீர் இயந்திரத்துக்கு வடிகட்டி மாற்ற யார் பணம் தருவது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், ஐ.ஐ.டி.க்காரர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். சென்னை ஐ.ஐ.டி. 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் திரட்டியது 513 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா ஒருவரே 228 கோடி கொடுத்தார். சரி, நம்மிடம் பி.ஏ. படித்தவர்கள் யார்? கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், கூட்டுறவு வங்கிக் காசாளர், உதவி ஆய்வாளர், வளைகுடாவில் சிலர், சிங்கப்பூரில் இரண்டு பேர். கலைக் கல்லூரிக்குப் பெரிய பணக்காரன் வாய்ப்பது அரிது. அதற்குச் சின்னத் தொகைகளைச் சேர்த்து, சாகாமல் வைத்துக்கொள்ளும் வித்தைதான் வேண்டும். அந்த வித்தையை உங்களுக்கு நான் ஏற்கெனவே நடத்தியிருக்கிறேன். நான்காம் பருவம், சோழர் கால நிறுவனங்கள். யாருக்காவது நினைவிருக்கிறதா?

கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க வேண்டுமென்றால் சோழர் காலத்தில் எண்ணெய்க் காசைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். தொண்ணூற்றாறு ஆடு கொடுப்பார்கள். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர் வரும், சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, கிழடாகாதா என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கேட்பான். வருடா வருடம் யாராவது ஒருவன் கேட்பான். சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும். குட்டிகளால் மந்தையை நிரப்பி, எண்ணிக்கை தொண்ணூற்றாறுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. விளக்குக்குப் போவது நெய் மட்டும். ஆட்டை வெட்டிக் கறி சமைக்க முடியாது.

கல்விக்கும் இதே ஏற்பாடு இருந்தது. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது: 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்காக 45 வேலி நிலம். யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு உண்டு. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் படித்த கல்லூரி அது. நம்மில் பெரும்பாலோரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், அதையும் மறக்க வேண்டாம். நான் சொல்ல வருவது கணக்கு எழுதிய முறையை. கட்டடத்தைக் கட்டியவனைப் புகழ்வதோடு நிற்காமல், நாளைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்தார்கள்.

நம் கல்லூரியில் ஆட்டை வெட்டித் தின்ற கதையும் ஒன்று உண்டு. 1978-ல் ஊர் வியாபாரி ஒருவர் தன் தாயார் பெயரில், வரலாற்றில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப் பதக்கம் தர 5,000 ரூபாய் வைப்பு வைத்தார். அந்த வட்டியில் அப்போது அரைப் பவுன் வாங்கலாம், கூலியும் போகக் கொஞ்சம் மிஞ்சும். முழு வட்டியையும் ஒவ்வொரு வருடமும் செலவழித்தார்கள். அசல் அதே 5,000. நான் ஓய்வு பெற்ற வருடம் அந்தப் பதக்கம் பித்தளையில் முலாம் பூசி வந்தது. வாங்கிய பெண்ணுக்கு அது தெரியும், கொடுத்த எனக்கும் தெரியும், இருவரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம். அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் கதியும் இதுதான். ஒரு லட்சத்தின் வட்டியில் பொன்னாடை, ஃபிளெக்ஸ், தேநீர் போக, பேச வந்தவருக்குப் பஸ் செலவு மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

ஆகவே கணக்கு இப்படி இருக்கட்டும். 18 லட்சத்தை வைப்பில் போட்டால், ஏழு சதவீதம் என்று வையுங்கள், வருடத்துக்கு 1,26,000 வரும். அதில் நான்கு சதவீதம், அதாவது 72,000 மட்டும் செலவு. மீதி 54,000 அசலோடு சேரட்டும். அதுதான் குட்டி. 72,000 என்றால் 24 பிள்ளைகளுக்குத் தலா 3,000. இது என்ன பெரிய தொகை என்று தோன்றும். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே என்றும் கேட்பீர்கள். வருகிறது, பெரிய உதவிதான். பல வீடுகளில் அந்த ஆயிரம் வந்த அன்றே கேஸ் சிலிண்டருக்குப் போய்விடுகிறது. தேர்வுக் கட்டணம், அரியர் கட்டணம், செயல்திட்ட அறிக்கை அச்சடிப்பது, இவை ஒரே வாரத்தில் வந்து நிற்கும். மூன்றாம் பருவத்தில் வருகைப்பதிவிலிருந்து மறைந்துபோன மாணவிகளை நான் அறிவேன். விசாரித்தால் கல்யாணம் என்பார்கள். அதற்கு முன்பே ஒரு கட்டணம் கட்ட முடியாமல் போயிருக்கும். சும்மா வீட்டில் இருக்கிறாளே என்றுதான் மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள்.

முதல் மதிப்பெண்காரருக்கு மட்டும் கொடுங்கள் என்று தயவுசெய்து நிபந்தனை போடாதீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும், பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வான எஃப்.ஏ. தேறவில்லை. நம் பிள்ளைகள் எல்லாம் ராமானுஜன் என்று சொல்லவில்லை. முதல் மதிப்பெண்காரருக்குப் பரிசு தர ஊரில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அரியர்காரருக்குத்தான் நாதியில்லை.

பச்சையப்பர் பெயர் வந்ததால் அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1794-ல் இறந்தவர். உயில் எழுதி வைத்தது கோயில் தருமத்துக்கும் அன்னதானத்துக்கும்தான். கல்லூரி என்ற எண்ணமே அவருக்கு இருந்திருக்காது. பணம் பல வருடம் வழக்கிலும் வாரிசுச் சண்டையிலும் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டுக் கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பிவிட்டதில் ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1842-ல் பள்ளி திறந்தார்கள். அதுதான் வளர்ந்து கல்லூரியானது. அண்ணாதுரை படித்தது அங்கே, மு. வரதராசனார் தமிழ் கற்பித்தது அங்கே. இன்னதற்கென்று குறிக்காமல் மிஞ்சிய பணம் செய்த வேலை இது. இன்னொரு பக்கமும் உண்டு: இந்து மாணவர்களுக்கு மட்டும் என்ற வேலி 1947 வரை அங்கே இருந்தது. கொடுத்தவர் பெயரால் வைக்கும் நிபந்தனை அவர் காலத்துக்குப் பிறகும் எவ்வளவு தூரம் வாழும் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் ஒருவர் "எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்றால் இரண்டு லட்சம் தருவதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். வாங்காதீர்கள். இரண்டு லட்சம் போனால் போகட்டும்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அவமானம் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அதன் பழைய மாணவர் லீ பாஸ் 1991-ல் இரண்டு கோடி டாலர் கொடுத்தார், மேற்கத்திய நாகரிகம் பற்றிய பாடத்திட்டத்துக்காக. பல்கலைக்கழகம் அதைத் தொடங்காமல் இழுத்தடித்தது. பிறகு ஆசிரியர் நியமனத்தில் தனக்கும் சம்மதம் சொல்லும் உரிமை வேண்டும் என்று அவர் கேட்டார். 1995-ல் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இழுத்தடித்தது யேலின் தப்பு. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விற்காதது சரி.

யேல் என்ற பெயரே நம் கடற்கரையிலிருந்து போனதுதான். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கே சம்பாதித்த பணத்தோடு லண்டன் போனார். அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி கட்டடம் முடிக்கப் பணமில்லாமல் திண்டாடியபோது, கொடுத்தால் கல்லூரிக்கு உங்கள் பெயர் வைக்கலாம் என்று காட்டன் மாதர் என்ற பாதிரியார் அவருக்கு மடல் எழுதினார். 1718-ல் ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் படமும் போய்ச் சேர்ந்தன. சரக்கை விற்றதில் கிடைத்தது ஏறக்குறைய 560 பவுண்டு. அவ்வளவு மலிவாக உலகத்தில் யாருக்கும் இப்படிப் பெயர் கிடைத்ததில்லை. அதே யேல் இங்கிருந்து நடந்த அடிமை வணிகத்துக்கு உடந்தையாக இருந்தவர். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. பெயரைக் கல்லில் வெட்டுவதில் உள்ள சங்கடம் இதுதான், பின்னால் வருகிறவர்களும் படிப்பார்கள்.

பெயர் அவரோடு போகட்டும். அவர்களுடைய கலைக் கல்லூரியை நிறுத்தி வைத்திருப்பது பழைய மாணவர்களின் பழக்கம். 1890-லேயே முன்னாள் மாணவர் நிதி என்று ஒன்று தொடங்கி, வருடா வருடம் எல்லா செட்டிடமும் கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மூலதனம் இன்று 4,000 கோடி டாலருக்கு மேல். ஆண்டுக்குச் சுமார் ஐந்து சதவீதம்தான் எடுப்பார்கள். தத்துவம் படிக்கவும் லத்தீன் படிக்கவும் வரும் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணம் அதிலிருந்து போகிறது. சாவா மூவாப் பேராடு என்று அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நீங்கள் கொடுத்தீர்கள், நானும் ஓய்வூதியத்திலிருந்து கொஞ்சம் அனுப்பினேன். இரண்டு மருத்துவர்கள் தலைக்கு ஐந்து லட்சம் டாலர் போட்டுத் தொடங்கினார்கள், தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது, பள்ளிப் பிள்ளைகள்கூட உண்டியல் உடைத்தார்கள். 2018-ல் அறுபது லட்சம் டாலர் நிறைந்தது. அந்தப் பணத்தையும் முழுதாகச் செலவழிக்க மாட்டார்கள், வருமானத்தில்தான் பேராசிரியருக்குச் சம்பளம். யார் பேராசிரியர் என்பதைக் கொடுத்தவர்கள் முடிவு செய்வதும் இல்லை. அங்கே இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டோம். நம் வாசலுக்கு வந்ததும் யானை சிலை கேட்கிறோம்.

மேடையைப் பற்றி ஒன்று. பல வருடம் முன்பு ஒரு நன்கொடையாளர் பத்து மாணவர்களுக்குக் கட்டண உதவி கொடுத்தார். விழா வைத்து, ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, உறையைக் கொடுத்து, அவரோடு நிற்க வைத்துப் படம். பின்னால் ஃபிளெக்ஸில் 'ஏழை மாணவர்களுக்கு' என்று இரண்டடி எழுத்து. என் வகுப்புப் பெண் ஒருத்தி வரவில்லை. மறுநாள் கேட்டேன். "தம்பி இதே காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் சார், அவன் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் உட்கார்ந்திருந்தாங்க" என்றாள். அந்த உறை என் மேசையிலேயே இரண்டு நாள் கிடந்தது. பிறகு அலுவலகத்தில் கட்டணமாகக் கட்டி ரசீதை அவளிடம் கொடுத்தேன். அன்றைக்கே அந்த ஃபிளெக்ஸைப் பற்றி நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புதிய நிதியில் பணம் நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போகட்டும், பிள்ளைக்கு ரசீது மட்டும் வரட்டும்.

நிர்வாகத்தை நம்ப முடியாது என்பீர்கள். உண்மைதான், ஒரு முதல்வர் மாறும்போது ஒரு நிதியின் கணக்கே மாயமானதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பணம் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும். மூன்று கையெழுத்து, அதில் ஒன்று பணியில் இருக்கும் ஆசிரியருடையது. தணிக்கை அறிக்கை அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும். யாருக்கு உதவி என்பதைத் துறை ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும், நீங்கள் கணக்கை மட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு குடியுரிமை வாங்கியவர்கள் கொடுத்தால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும்தான். அதை வாங்கச் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும், பணமும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். அனுமதி இல்லாமல் சங்கக் கணக்கில் போட்டுச் செயலாளரை வம்பில் மாட்டிவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை கேட்கிறீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கு எப்படியும் கிடையாது. அப்புறம், சலுகை இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

வளைவு கட்டியே தீர வேண்டும் என்றால் நான் குறுக்கே படுக்கப் போவதில்லை. 18 லட்சத்தில் இரண்டு லட்சத்துக்கு ஓர் எளிய வாசல் வையுங்கள், யானை இல்லாமல். 16 லட்சம் நிதிக்கு வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். வரலாறு, தமிழ், பொருளியல் மூன்று துறைகளிலும் இந்தப் பருவத் தேர்வுக் கட்டணம் இன்னும் கட்டாதவர்கள் எத்தனை பேர் என்று மட்டும், பெயர் இல்லாமல், விசாரித்தேன். பதினொரு பேர். அபராதம் இல்லாமல் கட்ட இந்த மாதம் 14-ம் தேதி கடைசி நாள். நிதி தொடங்கும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது என்பதால் கூட்டத்தில் ஒரு துண்டை விரிக்கப் போகிறேன், சில்லறையாகக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்
(1974-77 செட்)